கோப்பு யாருடையது?

"ஐயா! விளையாட்டு என் கணினியில் இருக்கிறது. கணினி என் தந்தை வாங்கித் தந்தது. கோப்பும் என் வட்டிலேதான் இருக்கிறது. அதிலே நான்கு வரிகளை நான் மாற்றினால், எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் என்னைக் குற்றவாளி என்று கூறித் துரத்தலாமா?"

பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மிடம் தொடுத்த கேள்வி இது. கண்கள் கலங்கியிருந்தன, குரல் கலங்கவில்லை. பலர் கூடி இணையவழி ஆடும் துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் ஈராண்டு முயன்று பெற்ற இடம், ஒரே இரவில் பறிபோயிற்று. அவனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும், பிறவியிலேயே அப்படி. புல்வெளியில் நிற்கும் எதிரியைச் சுற்றி விளையாட்டு வரைகின்ற சிவப்புக் கோடு, அவன் கண்ணுக்குப் புல்லோடு புல்லாய்ப் போய்விடும். ஆகவே வண்ணக் கோப்பைத் திறந்து, சிவப்பை மஞ்சளாக்கிக் கொண்டான். மறுநாள் வந்தது அறிவிப்பு: விளையாட்டுக் கோப்புகளை மாற்றினீர், நிலையாக நீக்கப்பட்டீர். அவ்வளவுதான்! விளக்கம் கேட்பாரில்லை, விசாரிப்பாரில்லை.

விளையாட்டுத்தானே தம்பி, விட்டுத் தள்ளு என்று கூறியிருக்கலாம். மனம் வரவில்லை. "ஏன்?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். ஆண்டவன் பெயரால் வந்த கட்டளையையும் அரசன் பெயரால் வந்த கட்டளையையும் நடுத்தெருவில் நிறுத்திக் கேள்வி கேட்ட இயக்கத்தின் பிள்ளைகள், ஒரு மாணவன் கேட்கும்போது மட்டும் "விதி என்றால் விதிதான்" என்று புராணிகர் குரலிலே பேசலாமோ? கூடாது. விதியை உடைத்தவனெல்லாம் வீரன் என்று முதுகைத் தட்டிக் கொடுப்பதும் கூடாது. பகுத்து அறிவதுதானே பகுத்தறிவு! பகுத்துப் பார்ப்போம்.

இந்த விதி ஏன் பிறந்தது? பலர் கூடி ஆடும் விளையாட்டிலே, சர்வர் எனப்படும் நடுவண் கணினி ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆட்டக்காரரின் கணினியும் அதனோடு பேசிக்கொண்டே இருக்கும். சுவருக்குப் பின்னே எதிரி பதுங்கியிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் இருப்பிடம் உன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உன் கணினிக்குப் பல நேரங்களில் தெரியும்! அவன் வெளியே பாய்ந்த கணத்திலேயே அவன் உருவை வரைந்தாக வேண்டுமே. அதற்காக நடுவண் கணினி அவன் நிற்கும் இடத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறது. கணினி அறிந்ததை உன்னிடமிருந்து மறைத்து நிற்பது சுவரின் ஓவியம் ஒன்றே. அந்த ஓவியம் ஒரு கோப்பு. அதனைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டால் போதும், சுவர் மறைந்துவிடும். எதிரே ஆடுபவனோ தன் சுவரை நம்பி நிற்கின்றான். அது எங்கோ ஒரு வீட்டிலே, எவனோ ஒருவனுடைய வட்டிலே, இடிக்கப்பட்டுவிட்டது என்பதை அறியாமலே வீழ்கின்றான்.

வட்டு உன்னுடையதுதான், மறுக்கவில்லை. சுவர் யாருடையது? அதன் பின்னே நிற்பவனுக்கும் அதிலே பங்குண்டு. கபடிக்களம் உன் பாட்டன் நிலமாகவே இருக்கட்டும். ஆட்டம் நடக்கையிலே நடுக்கோட்டைத் தள்ளிப்போட உனக்கு உரிமை உண்டோ?

2018-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சாங்காய் நகரிலே 'கவுண்டர் ஸ்டிரைக்' போட்டி. இந்தியாவிலிருந்து சென்ற 'ஆப்டிக் இந்தியா' குழுவின் ஆட்டக்காரர் ஒருவர், குறிபார்க்கத் துணைசெய்யும் கள்ள நிரல் ஒன்றை இயக்கியது போட்டி மேடையிலேயே பிடிபட்டது. அந்தக் கோப்புக்கு இட்ட பெயர் என்ன தெரியுமோ? 'வேர்ட்'! கடிதம் எழுதும் செயலியின் வேடம்! குழு போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. நிறுவனம் குழுவையே கலைத்துவிட்டது. பிடிபட்டவருக்கு ஐந்தாண்டுத் தடை. ஆனால் உடன் ஆடிய நால்வர்? கள்ளம் செய்யாத அவர்களுடைய பயிற்சியும் பயணமும் அந்த ஒரு கோப்போடு சேர்ந்தே புதைந்தன.

இதனைக் கேட்டதும், "அப்படியானால் கோப்பைத் தொடுவதே குற்றம்" என்று தீர்ப்பெழுதப் புறப்பட்டுவிடாதீர்கள். அந்தக் 'கவுண்டர் ஸ்டிரைக்' எப்படிப் பிறந்தது? 'ஆஃப் லைஃப்' என்ற மற்றொரு விளையாட்டை இரண்டு இளைஞர்கள் மாற்றியமைத்து, 1999-இல் வெளியிட்டார்கள். மூலத்தை ஆக்கிய வால்வ் நிறுவனம் வழக்குத் தொடுத்ததா? இல்லை, விலைகொடுத்து வாங்கி, 2000-இல் தானே விற்பனைக்கு வைத்தது. 1993-இல் வந்த 'டூம்' விளையாட்டோ, ஆடுபவர் தாமே புதுக்களங்கள் அமைக்க ஏதுவாகப் படங்களையும் களங்களையும் தனிக் கோப்பிலே வைத்து வெளிவந்தது. மாற்றுவதற்கு இடம் தந்ததாலேயே வளர்ந்த கலை இது. வளர்ந்தவுடன் வாசலைச் சாத்துகிறார்கள்!

சாத்துவதிலே சூழ்ச்சியும் உண்டு. 2017-இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' விளையாட்டின் உரிமையாளரான டேக்-டூ, 'ஓப்பன் ஐ.வி.' என்ற மாற்றுக் கருவியை நிறுத்தச் சொல்லி ஓலை அனுப்பியது. அந்தக் கருவியோ தனியாக ஆடுபவர்களுக்கானது. வீட்டிலே ஒருவன் தனியே ஆடும்போது இடிபடும் சுவருக்குப் பின்னே எவன் நிற்கிறான்? ஒருவனும் இல்லை! ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், விற்பனைத் தளத்திலே ஆயிரக்கணக்கில் கண்டனம் எழுதினார்கள். நிறுவனம் இறங்கி வந்தது. தனியாட்டத்திற்கான மாற்றங்கள்மீது பொதுவாக நடவடிக்கை எடுப்பதில்லை என்று அறிவிப்பு வெளியாயிற்று. ஆட்டக்காரனைக் காக்க என்று கூறிப் போடும் வேலியை, இலாபத்தைக் காக்கவும் நீட்டிக்கொள்வது முதலாளிக்குக் கைவந்த கலை. 2020-இல் வெளிவந்த 'வேலரண்ட்' விளையாட்டின் காவல் நிரலோ, கணினி விழிக்கும்போதே விழித்து, இயங்குதளத்தின் அடிமடியிலே அமர்ந்துகொள்கிறது. கள்ள நிரல்களும் அவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்கிறார்கள், உண்மைதான். ஆயினும், திண்ணைக்கு வைத்த காவலன் படுக்கையறைச் சாவியைக் கேட்கும்போது, ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

சட்டத்திடம் சென்றால் தெளிவு பிறக்குமா? 2024 அக்டோபர் 17-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், சோனி தொடுத்த வழக்கிலே, ஆட்டத்தின்போது நினைவகத்தில் நிற்கும் மதிப்புகளை மட்டும் மாற்றும் நிரல், மூல நிரலைப் படியெடுக்க வழிசெய்யாதவரை, பதிப்புரிமையை மீறியதாகாது என்றது. தென்கொரியாவிலோ, கள்ள நிரல் செய்து பரப்புவோர்க்குச் சிறைத்தண்டனையே உண்டு. முன்னது நிறுவனத்தின் உடைமையைப் பற்றிப் பேசுகிறது. பின்னது கள்ளநிரல் வணிகனைப் பற்றிப் பேசுகிறது. சுவருக்குப் பின்னே நிற்பவனுக்கும் நமக்கும் இடையிலுள்ள கடப்பாட்டைப் பற்றி இரண்டும் பேசவில்லை. அதனை நாமேதான் எண்ணிப் பார்க்கவேண்டும்.

தோழர்களிலே சிலர் நம்மை மடக்கக்கூடும்: "வைக்கத்திலே விதியை மீறியவர்தானே பெரியார்? மீறுவது நம் மரபல்லவா?" ஆம், மீறினார். 1924-இல், பட்டப்பகலிலே, ஊரறிய மீறினார். இருமுறை சிறை புகுந்தார். கேட்டது என்ன? கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலே எல்லோரும் நடக்கவேண்டும் என்பது. தனக்கென ஒரு கள்ளச் சந்து வெட்டிக்கொள்ளவில்லை அவர். கோப்புக்கு 'வேர்ட்' என்று பெயர் சூட்டி ஒளிப்பவன், அந்த மரபை வாயால் உச்சரிப்பதற்கும் தகுதியற்றவன். 2017-இல் கண்டனம் எழுதிய ஆட்டக்காரர்களை வேண்டுமானால் அந்தத் தெருவின் ஓரத்திலே நிற்கவைக்கலாம்.

எனவே மாணவனிடம் நாம் ஒன்றே ஒன்று கேட்டோம். "எதிரே ஆடுபவனிடம் இதைச் சொல்லிவிட்டு ஆடியிருப்பாயா?" சிறிதுநேரம் எண்ணினான். "சொல்லியிருப்பேன் ஐயா. எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்றான்.

அங்கேதான் அவன் பிழை, சிறு பிழை. நல்ல கண்ணுடையவன் அதே மஞ்சளைத் தீட்டிக்கொண்டால், மற்றவர்க்கில்லாத மிகைப்பயன் பெறுகின்றான். இவன் தீட்டினால் மற்றவர்கள் நிற்கும் இடத்திற்கு வந்து சேர்கின்றான், அவ்வளவே. ஆனால் கோப்பு இரண்டும் ஒன்றுதான்! காவல் நிரல் ஒவ்வொரு கோப்பையும் கணக்கிட்டு ஓர் அடையாள எண்ணாக்கி ஒப்பிடுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் எண் முழுதும் மாறிவிடும். மாறியது என்பதை அது அறியும். ஏன் மாறியது என்பதை அறியாது. அறிய வேண்டியவர்கள் மனிதர்கள். அவர்கள்தாம் அந்த அறிவிப்பை இயந்திரத்தின் கையிலே விட்டுவிட்டு விலகிக்கொண்டார்கள். பெரும்பிழை அது. செய்ய முடியாத காரியமா என்றால், அதுவும் இல்லை. சற்றுமுன் நாம் கடிந்துகொண்ட அதே 'வேலரண்ட்' விளையாட்டிலே, எதிரியின் கோட்டைச் சிவப்பு, ஊதா, மஞ்சள் என அவரவரே தேர்ந்துகொள்ள இடமுண்டு. கோப்பைத் தொடவேண்டியதே இல்லை. அங்கே உரிமையாக இருப்பது, இவன் ஆடிய இடத்திலே குற்றமாகிவிட்டது.

நிறுவனத்துக்கு எழுதச் சொன்னோம். வரைவு ஒன்று நாமே எழுதித் தந்தோம்: செய்ததை ஒளிக்காமல் கூறி, காரணத்தைக் கூறி, எல்லா ஆட்டக்காரர்க்கும் வண்ணத் தேர்வு வேண்டும் என்றும் கேட்டு. மறுநாள் படியெடுத்து வந்து காட்டினான். "என்னை மன்னித்து மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு" என்று நாம் எழுதியிருந்த இடத்திலே, 'மன்னித்து' என்பதை அடித்துவிட்டு 'விசாரித்து' என்று எழுதியிருந்தான். அப்படியே அனுப்பினோம். விடை இன்னும் வரவில்லை.