தலைக்கட்டுக் கணக்கு

“தைரியமா இரு, உன் மனசுக்குப் பிடிச்ச மாதிரி வாழு” என்று சொல்லக் காசா செலவாகிறது? அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் சென்னையிலோ பெங்களூரிலோ தனி வீடு எடுத்துத் தங்கியிருப்பவர்கள். நானும் இப்போது கோயம்புத்தூரில் அப்படித்தான் இருக்கிறேன். ஆண்மீது ஈர்ப்புள்ள ஆண் நான். பிறந்து வளர்ந்தது கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். விஷயம் தெரிந்த சிலர், “கிராமத்துலேருந்து வந்த நீங்க பேசினா நாலு பையன்களுக்கு நம்பிக்கை வரும்” என்கிறார்கள். பேசலாம். எதைப் பேசுவது என்பதில்தான் எனக்குக் குழப்பம்.

எங்கள் பக்கம் திருவிழா வரியைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஆகாதவன் முப்பது வயதைத் தாண்டினாலும் அப்பா கணக்கில் அடக்கம். கூட்டத்தில் வாய் திறந்தால், “நீ சின்னப்பய, உங்கப்பன வரச்சொல்லு” என்பார்கள். இதுகூடப் பரவாயில்லை, மொய் நோட்டு இருக்கிறதே! கடன் வாங்கியாவது ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் அப்பா செய்துவந்த மொய், ஊர் பெயரோடு, ஆள் பெயரோடு, நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கும். மகன் கல்யாணத்தில் திரும்ப வர வேண்டிய பணம் அது. மழை பொய்த்து, தென்னை காய்ப்பு விட்டுப்போன வருஷங்களில் எங்கள் வீட்டுச் சேமிப்பு என்று இருந்தது அந்த நோட்டு மட்டும்தான். “எனக்குக் கல்யாணம் வேண்டாம்” என்று ஒரு பையன் சொன்னால் அப்பாவுக்கு முதலில் அந்த நோட்டுதான் கண்ணில் நிற்கும். அப்புறம் அத்தை வீட்டில் கொடுத்து வைத்த வாக்கு. அதற்கும் அப்புறம்தான் பையன் மனசு. அவரைக் கல்நெஞ்சர் என்று எழுதிவிடுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மனமொத்த வயதுவந்தவர்களின் உறவு குற்றமில்லை என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. எங்கள் ஊரில் அந்தப் பிரிவில் போலீஸ் யாரையும் பிடித்து நான் கேள்விப்பட்டதில்லை, பிடித்துவைப்பதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். ‘மாற்றிவிடுகிறேன்’ என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. பையனை ‘மாற்ற’ எங்கள் பக்கம் தேடிப்போகும், உடுக்கை அடிக்கும் கோடாங்கிக்கு அந்த ஆணையம் எந்த ஊர்?

ஆனாலும் மதுரைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கோபி ஷங்கர் எங்களைப் போன்றவர்களுக்காக ‘சிருஷ்டி மதுரை’ அமைப்பைத் தொடங்கி, 2012 ஜூலையில் ஆலன் டூரிங் பெயரில் வானவில் விழா நடத்தினார். எங்களூரில் பஸ் ஏறினால் மேலூர் தாண்டி மதுரை மாட்டுத்தாவணி, அவ்வளவு பக்கம். 2021இல் ஒருவரையொருவர் காதலித்த, மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் வீட்டை விட்டுச் சென்னைக்குப் போய், காவல்துறைத் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் ஏறினார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இதில் புரிதல் போதாது என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். யாருக்கும் முன்மாதிரியாக வேண்டும் என்று அந்தப் பெண்கள் கிளம்பவில்லை. பிழைத்தால் போதும் என்று கிளம்பினார்கள். நான் அவர்களைத்தான் நம்புகிறேன்.

என்னிடம் ராத்திரியில் போன் செய்யும் பையன்களிடம், “வீட்டில் சொல்லிவிடு” என்று நான் சொல்வதில்லை. முதலில் வேலை, உன் பெயரில் பேங்க் கணக்கு, சர்டிபிகேட்டெல்லாம் உன் கையில். பிறகு ஒரே ஒரு ஆள். எனக்கு அந்த ஆள் அக்கா. அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அப்பா போட்ட மொய்ய என்னடா பண்றது?” என்றாள். அவளே வழியும் சொன்னாள்: “மாடி எடுத்துக் குடிபோற அன்னைக்குப் பத்திரிகை வச்சு வாங்கிக்கலாம்.” நான் படித்த எந்தத் தன்னம்பிக்கைப் புத்தகத்திலும் இப்படி ஒரு யோசனை இருந்ததில்லை. அப்படியே செய்தோம், பாதிக்கு மேல் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் பையன்களிடம் நான் கறார். ஊர் வாயை மூட ஒரு பெண்ணைக் கட்டாதே. ‘காதல் தி கோர்’ மலையாளப் படத்தில் (2023) உள்ளாட்சித் தேர்தலில் நிற்கும் மம்மூட்டிமீது விவாகரத்து வழக்குப் போடுவது ஜோதிகா. எனக்கு அது மனைவியின் படம். கணவன் மறைத்த ரகசியத்துக்கு அவள் இருபது வருஷம் விலை கொடுத்திருக்கிறாள். நம் ஊரில் அப்படி எத்தனை பேர், வழக்குப் போடவும் வழியில்லாமல்.

இன்னும் தீராதது தலைக்கட்டு. ஒருபாலினத் திருமணத்தை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் ஏற்க மறுத்தது. குடும்பம் அமையக் கல்யாணம் ஒன்றே வழியில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. நான் கேட்டதோ அதைவிடச் சின்னது: என் பெயரில் தனியாக வரி வாங்குங்கள். “பொண்டாட்டி இல்லாம என்னடா தலைக்கட்டு?” என்றார் ஒரு பெரியவர். பெண்டாட்டி இறந்துபோனவர்களிடம் வாங்குகிறீர்களே என்றேன். கலந்து பேசிவிட்டு, அடுத்த வரி போடுவதற்குள் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.