துறையிற் காத்திருத்தல்

முயற்சியும் ஊழும் தம்முள் மாறுபட்டனவோ, ஒன்றற்கொன்று துணையாவனவோ என்னும் வினா அறிஞரிடைப் பன்னெடுங்காலமாக நிகழ்வதொன்று. திருவள்ளுவர் ஊழ் என ஓரதிகாரமும் ஆள்வினையுடைமை என மற்றோரதிகாரமும் வகுத்துவைத்தமையின், இரண்டனுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் அவர்க்குக் கருத்தன்றென்பது தெளிவு. ஆயினும், ஒருவன் தன் கடனைச் செய்து முடித்தபின்னும் பயன் வாராதவழி அவன் மேற்செய்யற்பாலது யாது என்பது நூலளவிற் கேட்கப்படினும் நெஞ்சிற் பதிவது அரிது. மெய்யாக நிகழ்ந்ததொன்றை வைத்து நோக்கின் அது விளங்கும். அத்தகைய நிகழ்ச்சியொன்று 1770 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் கீழ்கரையில் நிகழ்ந்தது.

ஆங்கிலக் கடற்படையைச் சேர்ந்த ஜேம்ஸ் குக் என்பார் எண்டவர் என்னும் மரக்கலத்தில் 1768 ஆகஸ்டு மாதத்திற் புறப்பட்டு, 1769 ஜூன் 3-ல் வெள்ளிக்கோள் ஞாயிற்றின் வட்டத்தைக் கடந்து செல்லுதலை டாகிட்டித் தீவினின்று நோக்கி, பின்னர் அக்கீழ்கரை வழியே வடக்கு நோக்கிச் சென்றார். அக்கலம் விட்பி என்னும் ஊரில் நிலக்கரி சுமத்தற்கெனக் கட்டப்பட்டது, அடி தட்டையானது. 1770 ஜூன் 11 இரவு பதினொரு மணியளவில், ஓதம் உயர்ந்திருந்த வேளையில், அது பவளப்பாறையொன்றன்மேல் ஏறிச் சிக்கிற்று. ஓதம் தாழ்ந்திருக்குங்காற் சிக்கிய கலம் நீர் ஏற ஏறத் தானே மிதக்கும். உயர்ந்திருக்குங்காற் சிக்கியதோ நீர் வற்ற வற்றப் பாறையில் அழுந்தும். பீரங்கி ஆறும், கல்லும் இரும்பும் மிடாக்களுமாக ஏறத்தாழ 40 அல்லது 50 டன் எடையுள்ள பொருள்களும் கடலில் எறியப்பட்டன. (அப்பீரங்கிகள் 1969-ல் கடலடியினின்றும் எடுக்கப்பெற்றன.) மறுநாட் பகலோதம் போதவில்லை. இரவோதத்திலேயே கலம் மிதந்தது. மாங்க்ஹவுஸ் என்னும் இளைஞர், பிறிதொரு கலத்தில் தாம் முன்னர்க் கண்டிருந்த உபாயத்தை ஈண்டுக் கையாண்டார். பழங்கயிற்றுத் தும்பும் ஆட்டுமயிரும் ஒரு பாயில் தைக்கப்பட்டன. சாணமும் அதன்மேல் இடப்பட்டது. அப்பாயைக் கலத்தின் அடியில் இழுத்துவிட, உட்புகும் நீரின் விசையே அதனைப் பிளவினுள் அழுத்தி அடைத்தது.

கலத்தைக் கரையேற்றுதற்கேற்ற ஆற்றுமுகம் ஒன்று அணித்தே காணப்பட்டும், காற்றின் கடுமையால் அதனுட் புகவொண்ணாது சிலநாள் வெளியே நின்றனர். உட்புகுந்து கரையிற் சாய்த்து, ஜூன் 22-ல் நீர்வற்றிய பொழுது அடியைப் பார்த்தபோதே உண்மை வெளிப்பட்டது. நான்கு பலகைகள் ஊடுருவ வெட்டப்பட்டிருந்தன. அவ்வாயில் ஒரு பெரும் பவளக்கல் முறிந்து தங்கி, அதனை அடைத்துக்கொண்டிருந்தது. அது விழுந்திருப்பின் எத்துணை நீரிறைக்கும் பொறி இருந்தும் கலம் மூழ்கியிருக்கும்.

ஈண்டுச் சிலர், பிளந்த பாறையே அடைத்ததாகலின் இறைத்தோரும் பாய் தைத்தோரும் வீணே வருந்தினர் என்பர். அற்றன்று. கல் அடைத்தது பெரும்பகுதி. எஞ்சிய இடைவெளி வழியே புகுந்த நீர்தானும் கலத்தை ஆழ்த்தப் போதியதாயிருந்தது. அவர் இறையாதிருந்தால் கல்லாற் பயனில்லை. கல் இல்லாதிருந்தால் இறைத்தலாற் பயனில்லை. கல்லின் உதவியை அவர் அறிந்திலர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. அறியாமலே ஒன்றனால் தாங்கப்பட்டு, தாங்குவது தம் கையே என எண்ணி அவர் இரவெல்லாம் உழைத்தனர். மறைத்தற்றொழிலும் அருளின்பாற்பட்டதே என்னுஞ் சைவநூற்றுணிபை உணர்ந்தோர்க்கு இந்நிலை புதிதன்று. இவ்வுவமையை எல்லை கடந்து இழுத்தல் தகாது. கல் கல்லேயாம், அதற்குக் கருணை இல்லை.

பின்னர்ச் செப்பனிடுதல் தொடங்கிற்று. கொல்லருலை கரையில் அமைக்கப்பட்டு ஆணிகள் அடிக்கப்பட்டன. தச்சர் ஓதம் வற்றிய சில நாழிகையளவே கலத்தினடியில் வேலைசெய்ய இயன்றது. நீர் ஏறியவழி கையை மடக்கிக் காத்திருந்தனர். ஜூலை முற்பகுதியிற் கலம் மீண்டும் மிதந்தது. அற்றேல், புறப்பட்டுச் சென்றனரோ எனின், சென்றிலர். தென்கீழ்க்காற்று நாள்தோறும் கடுமையாக வீசிற்று. குக் குன்றின்மேல் ஏறி நோக்குந்தோறும் கண்ணுக்கெட்டிய தூரமும் திட்டுகளே தோன்றின. பாயும் கயிறும் செம்மையாயின, நீர் நிரப்பப்பட்டது, ஆயினும் காற்றில்லை. அன்றி, வேண்டாத காற்றே இருந்தது. வினாவின் உயிர்நிலை இதுவே. உடைந்த கலத்தை வைத்துக்கொண்டு காத்திருப்போன்பாற் குற்றமுண்டு. செப்பஞ்செய்த கலத்தை வைத்துக் காத்திருப்போன்பாற் குற்றமில்லை. புறத்தே காண்போர்க்கு இருவரும் ஒரே துறையில் ஒரேவகையாக நங்கூரமிட்டுக் கிடப்பவராகவே தோன்றுவர். ஆதலின் ஒருவன் சும்மா இருக்கின்றானென்று பிறர் தீர்ப்பளித்தல் எளிதன்று.

காத்திருந்த நாள்களும் வறிதே கழிந்தில. படகு அனுப்பித் திட்டுகளிடை வழி தேடினர். டாகிட்டியினின்று உடன்வந்த தூபாயா என்பார் பல்லீறு வீங்கி நோயுற்றிருந்தார். தாமே மீன்பிடித்து உண்டு ஆங்கே நலம்பெற்றார்.

இனி, காத்திருப்போன் நிற்குமிடம் பிறர்க்குரியது என்பதனைப் பலர் மறப்பர். அவ்வாற்றங்கரை கூகு இமிதிர் என்னும் மக்களுடையது. கலத்தார் பாறைத்திட்டுகளிற் பல ஆமைகளைப் பிடித்துக் கலத்தில் ஏற்றி வைத்திருந்தனர். ஜூலை 19-ல் அம்மக்கள் சிலர் கலத்திற்கு வந்து ஓராமை கேட்டனர். கொடுக்கப்படவில்லை. சினங்கொண்டு கரைசென்று, கலப்பற்றுக்கெனக் கீல் காய்ச்சிக்கொண்டிருந்த கொப்பரையின் கீழிருந்த நெருப்பை எடுத்துப் புல்லிற் கொளுத்தினர். கொல்லருலை எரிந்தது. குக் துப்பாக்கியாற் சுட, ஒருவர் காயமுற்றார். பின்னர் முதியவர் ஒருவர் முனையில்லாத ஈட்டியொன்றை ஏந்தி முன்வந்து பேச, பகை தணிந்தது. அவ்விடத்திற் குருதி சிந்தலாகாதென்பது தம் முறையென்றும், வந்தோர் தமக்குரிய பங்கின் மேற்பட எடுத்தனர் என்றும் அம்மக்களின் வழியினர் கூறுவர். கலத்தின் பிளவு காண அறிந்த மீகாமர்க்கு இப்பிளவு காணத் தெரியவில்லை. கீல் காய்ச்சிய நெருப்பே பகைக்கும் நெருப்பாயிற்று. முனையற்ற ஈட்டியை நினைந்தவர் கலத்தாருள் ஒருவருமிலர், துறைக்குரியோரே நினைந்தனர். இத்துணைக்குப் பின்னரும் அதே ஆண்டு ஆகஸ்டு 22-ல் அக்கீழ்கரை முழுதையும் தம் மன்னர்க்குரியதாக குக் உரைத்தார். அதன்கண் வாழ்வோரை வினவினாரல்லர்.

ஆகஸ்டு 4-ல் காற்று இடந்தர, கலம் அத்துறை நீங்கிற்று. தங்கியது ஏறத்தாழ ஏழு வாரம். அக்டோபரிற் படேவியாவை, அஃதாவது இன்றைய ஜகார்த்தாவை, அடைந்து ஆங்குக் கலத்தை முற்றச் சாய்த்துப் பார்த்தபோது, ஆற்றங்கரையிற் கண்ணுக்கு எட்டாதிருந்த பகுதி வெளிப்பட்டது. சில பலகைகள் புழுத் தின்று அங்குலத்தில் எட்டிலொரு பங்கு கனமே எஞ்சியிருந்தன. அம்மெல்லிய பலகையை நம்பியே அவர் மாதக்கணக்காகக் கடலைக் கடந்தனர். நன்கு செப்பனிட்டோம் என்று எண்ணியிருந்தமையே அவர்க்கு ஊக்கமாயிற்று. உண்மை அறிந்திருப்பின் அத்துறையை விட்டே நீங்கியிரார்.

படேவியாவிற் செப்பனிடுதல் குறைவற நடந்தது. ஆயின் அவ்வூரின் சுரமும் வயிற்றுக்கடுப்பும் கலத்தாரைப் பற்றின. துறையிலேயே எழுவர் இறந்தனர். முன்னர் ஆற்றங்கரையில் நலம்பெற்ற தூபாயாவும் அவ்வூரிலேயே மாண்டார். 1770 டிசம்பர் 26-ல் புறப்பட்டபின் வழியில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மடிந்தனர். பாறையும் புயலும் கொள்ளாத உயிர்களைப் பாதுகாவலான துறை கொண்டது. அவ்வூரிற் றங்காது சென்றிருப்பின் பலகை தாங்கியிராது. தங்கியமையால் மக்கள் தாங்கவில்லை. இவ்விரண்டனுள் எது நேருமென்று அறிதற்கு குக்கிடம் அந்நாளிற் கருவியொன்றும் இல்லை. கலம் மட்டும் 1771 ஜூலையிற் பழுதின்றி இங்கிலாந்து சேர்ந்தது.