இன்று உங்கள் முறை

இன்று வாசிக்க: கலாத்தியர் 6:1–10

உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிக் கரைகளில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு நடந்து வருகிறவர் கடைசிக்கு வந்ததும் கையை விட்டுவிடுவார். விட்ட கையோடு தண்ணீர் ஓரத்துக்கு இறங்கிப்போய், மறுபடியும் முன்னாலே கயிற்றைப் பிடிப்பார். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், கயிறு தளராது.

விசுவாசிகள் ஒருவரையொருவர் தாங்குவதும் இப்படித்தான். திருச்சபையில் கொடுக்கிறவர்கள் ஒரு கூட்டம், வாங்குகிறவர்கள் ஒரு கூட்டம் என்று இல்லை. முறைதான் மாறுகிறது.

திருகோணமலை இதை அனுபவித்து அறிந்த மண். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத் திருவிழா. அன்று காலையில்தான் கடல் ஏறிவந்து மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளை அடித்துப்போட்டது. நாடு முழுவதும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. முதல் நாள் வந்தவர்க்கெல்லாம் நத்தார்ப் பலகாரம் கொடுத்தவர்கள், மறுநாள் சாப்பாட்டுப் பொதிக்குக் காத்து நின்றார்கள். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. ஆகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. உழைத்துச் சாப்பிட்ட வீடுகளிலும் அடுப்பு அணைந்தது.

அப்படிப்பட்ட நாளில் பசியைவிடக் கடினமான ஒன்று உண்டு: “எங்களுக்கு ஏலாமல் இருக்கு” என்று வாய்திறப்பது. நேற்றுவரை மற்றவர்களுக்குக் கொடுத்தவருக்கு அது இன்னும் கடினம்.

இந்த மனவேதனையை விளங்கிய ஒரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. 1833இல் பாரிஸ் நகரில், பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது புனித வின்சென்ட் டி போல் சபை. அதன் கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும். மூடிய கை உள்ளே போகும், வெளியே வரும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. நிறையப் போட்டவரும் ஒன்றும் போட முடியாதவரும் ஒரே வாங்கில் தலைநிமிர்ந்து இருக்கலாம். பிறகு அங்கத்தவர்கள் இரண்டு இரண்டு பேராக வீடு தேடிப் போவார்கள். கூப்பிடட்டும் என்று காத்திருப்பதில்லை.

நம் அன்பியக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். பாய் விரித்து இருந்து, செபமாலை சொல்லி, இறைவார்த்தை வாசித்து, பிளேன்ரீ குடித்துக் கலைகிறோம். இன்றைக்கு வராத வீடு எது என்று கேட்கிறோமா? இரண்டு கூட்டத்துக்கு முகம் காட்டாதவரின் படலையைத் தட்ட அரை மணி நேரம் போதும். போனால் புத்திமதி சொல்ல வேண்டாம். அவர் சொல்வதை இருந்து கேளுங்கள். கிளினிக்குக்குத் துணையாகப் போவது, பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுப்பது, ஒரு நேரச் சமையலைப் பகிர்வது: இவையெல்லாம் செபத்தின் தொடர்ச்சிதான்.

திருத்தூதர் பவுல் 2ஆம் வசனத்தில் பிறர் சுமையைச் சுமக்கச் சொல்கிறார். 5ஆம் வசனத்தில் அவரவர் சுமையையும் நினைவூட்டுகிறார். இரண்டும் சேர்ந்ததே நம் வாழ்வு. உங்களால் முடிந்ததை நீங்கள் செய்யுங்கள். முடியாத இடத்தில் இன்னொருவர் கைகொடுக்க வந்தால், கூச்சப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். தாங்கப்படுவதும் விசுவாச வாழ்வுதான்.

இன்று செய்ய: கொஞ்ச நாளாகக் காணாத ஒருவரின் வீட்டுக்குப் போய் வாருங்கள்.

செபம்: ஆண்டவரே, எனக்கு ஏலுமான நாளில் கேட்காமலே போகும் கால்களைத் தாரும், ஏலாத நாளில் கூசாமல் சொல்லும் வாயைத் தாரும். ஆமென்.