அந்தாதிக்குப் பின் என்ன?

கன்னிவாடியில் எங்கள் வீட்டில் வெள்ளிதோறும் விளக்கேற்றி அபிராமி அந்தாதி படிப்போம். கண் மங்கியபின் கைப்பேசியில், யூடியூபில் கேட்கிறேன். நூறாவது பாட்டு முடிந்ததும் தானாகவே வேறொரு பக்திப் பாடல் வரும். அதன்பின் ராசிபலன், பரிகாரம். விளக்கு முன்னால் எரிகிறது, மனமோ சனிப்பெயர்ச்சிப் பயத்தில் கிடக்கிறது.

"அந்தாதியும் இப்படித் தொடர்வதுதானே, பாட்டி?" என்கிறான் பேரன். நல்ல கேள்வி. காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்கள். ஒன்று முடியும் சொல்லில் அடுத்தது பிறக்கும். கேட்பவரை எழவிடாத உத்திதான், மறுக்கவில்லை. மனப்பாடம் செய்யவும் அதுவே துணை. ஆனால் அந்தப் பிடி சிவனை விட்டு விலகுவதில்லை. கடைசிப் பாட்டின் முடிவு முதல் பாட்டின் தொடக்கத்தைத் தொட்டதும் மாலை நிறைந்துவிடும், நாம் எழுந்து போகலாம்.

அடுத்த பாட்டைப் பரிந்துரைக்கும் இயந்திரத்துக்கு அப்படி நிறைவு உண்டா? யூடியூப் 2012இல், எத்தனை முறை பார்த்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முக்கிய அளவாக்கியது. நேரத்தை அளப்பவருக்கு நான் எழுந்து போவது இழப்பு. அம்மையாருக்கு அப்படியில்லை, பாடியவர் மனத்தில் ஈசன்மேல் நீங்காத காதல் பிறந்தால் போதும் அவருக்கு.

வழிபாட்டில் அடுத்து எங்கே போவது என்பதைப் பிறர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. தானாக ஓடும் வசதியைப் பேரன் அணைத்துத் தந்தான். இப்போது நூறோடு நிற்கிறது. மீண்டும் வேண்டுமென்றால் நானே தொடுகிறேன்.