இரக்கத்துக்குக் கண் வேண்டும்

துன்புறுவோரைக் கண்டு உருகும் நெஞ்சம் ஒன்றே போதுமா? இரக்கத்தோடு செய்யும் செயல் எதுவும் நன்மையாகவே முடியும் என்று நாம் நம்புகிறோம். காக்காய் வலிப்பின் மருத்துவ வரலாறு அந்த நம்பிக்கையைச் சற்றே நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த ஹென்றி மொலேசன் என்பவரை வலிப்பு வாட்டி வதைத்தது. மருந்துகள் பயன் தரவில்லை. 1953ஆம் ஆண்டு, அவருடைய 27ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்னும் அறுவை மருத்துவர் மூளையின் இருபுறமும் உட்பகுதித் திசுக்களை அகற்றினார். வலிப்பு பெரிதும் தணிந்தது. ஆனால் புதிய நினைவுகளைச் சேர்த்து வைக்கும் ஆற்றலும் உடன் போயிற்று. 2008இல் கண் மூடும்வரை, சற்று முன் பேசியவரையே அவர் மீண்டும் புதியவராகக் கண்டார்.

மருத்துவருக்கு இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்துக்குக் கண் இல்லை. மூளைத் திசுவைத் தெளிவாகக் காட்டும் கருவி அன்று கிடையாது. 1992, 93ஆம் ஆண்டுகளில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபோதுதான், மருத்துவர் 8 சென்டிமீட்டர் என்று குறித்த நீளம் உண்மையில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டரே எனத் தெரிந்தது. வெட்டிய கைக்கே வெட்டின் அளவு தெரியவில்லை!

இன்று அதே எம்.ஆர்.ஐ., கத்தி எடுக்கும் முன்னரே மூளையின் தழும்பைக் காட்டுகிறது. இ.இ.ஜி. என்னும் மின் அலைப் பதிவும் அதே இடத்தைச் சுட்டுகிறதா என்று மருத்துவர்கள் ஒப்பிடுகிறார்கள். பேச்சுக்கும் நினைவுக்கும் ஊறு நேருமா என்று ஆராய்கிறார்கள். அதன் பின்னரே, தகுதியுள்ளோருக்கு அறுவை.

எனினும் படத்தையே இறுதித் தீர்ப்பாகக் கொள்வதும் பிழை. தழும்பெல்லாம் வலிப்பின் ஊற்றல்ல. வலிப்புள்ள பலருக்குப் படத்தில் குறை எதுவும் தெரிவதில்லை. "படத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் பாசாங்கு" என்று வீட்டார் சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை யாரிடம் போய் முறையிடும்? அன்று காணாமல் வெட்டியது ஒரு கொடுமை என்றால், இன்று காணவில்லை என்பதற்காக நோவையே மறுப்பது மற்றொரு கொடுமை அல்லவா?

நமக்குக் கிடைத்த அறிவு ஓர் அமானிதம். தெரிந்ததைக் கொண்டு துணிவதும், தெரியாத இடத்தில் கை நிறுத்துவதும் அதைப் பேணும் முறை. கருவி காட்டுவது மூளையை. நோயுற்ற மனிதரைக் காண வேண்டியவர்கள் நாமே.