ஓர் அடி அபராதம்

பாலையை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு புல்தரையில் நின்றுகொண்டு. அரிஸோனாவில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய ஸ்காட்ஸ்டேலின் வடபுறத்தில், ஒரு நவம்பர் காலை. பயணத்தில் ஒரு நாள் மிச்சமிருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இங்கே ஒரு சுற்று கோல்ஃப் ஆடாமல் போகலாமா என்றார் நண்பர். ஆடினேன். ஆட்டம் சுமார். மகிழ்ச்சி சுமாரானதல்ல. அந்த மகிழ்ச்சி பொய் என்று நிரூபித்துவிட முடிந்தால் இக்கட்டுரைக்கு அவசியமில்லை. அது பொய்யில்லை என்பதுதான் சங்கடம்.

அந்த மைதானத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வழக்கமான மைதானத்தில் ஆரம்பத்திலிருந்து குழிவரை புல் தொடர்ச்சியாகப் போகும். இங்கே புல் தீவு தீவாக இருக்கிறது. முதல் அடி அடிக்கும் மேடை ஒரு தீவு. அதை அடுத்து நூறு நூற்றைம்பது கஜத்துக்குக் கல்லும் முள்ளும். அப்பால் பந்து விழ வேண்டிய ஃபேர்வே ஒரு தீவு, குழி இருக்கும் க்ரீன் இன்னொன்று. இருபுறமும் ஸவாரோ கள்ளிகள், மூன்று ஆள் நான்கு ஆள் உயரத்துக்குக் கை தூக்கி நிற்கின்றன. பின்னால் மொட்டை மலை. இத்தனைக்கும் முன்னால் கண்ணைப் பறிக்கும் பச்சை. அதுவும் அந்தப் பருவத்துக்குரிய பச்சை அல்ல. கோடையில் வளரும் பெர்முடா புல் குளிர் வந்ததும் பழுத்துவிடுகிறது. ஆகவே அக்டோபர் வாக்கில் அதன்மேல் ரை புல்லை விதைத்து, குளிர்காலத்துக்கென்று வேறொரு பச்சையை வளர்க்கிறார்கள். பயணிகள் வருவது குளிர்காலத்தில்.

இங்கே நம் போன்றவர்களிடம் தயாராக ஓர் ஆட்சேபம் இருக்கிறது: தண்ணீர். ஆண்டுக்கு ஏழெட்டு அங்குலம் மழை பெய்கிற பூமியில், வசதியுள்ளவர்கள் பந்தடிக்கப் புல்லா? நானும் அப்படித்தான் கேட்டேன். நண்பர் பதில் சொல்லாமல் பாதையோரப் பலகை ஒன்றைக் காட்டினார். மறுசுத்தம் செய்த கழிவு நீர், குடிக்க வேண்டாம் என்றிருந்தது. ஸ்காட்ஸ்டேலின் வடபகுதி மைதானங்கள் பலவற்றுக்கு நகரத்தின் சாக்கடை நீர்தான் சுத்தம் செய்யப்பட்டுக் குழாயில் வருகிறது. 1980ல் மாநிலம் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்த பின், தண்ணீர் பாய்ச்சும் புல்லின் பரப்புக்கும் வரம்பு வந்தது. புல் தீவு தீவாக இருப்பதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல. என் ஆட்சேபம் பாதியாகச் சுருங்கியது. பாதி என்றுதான் சொல்கிறேன். சாக்கடை நீரும் எங்கிருந்தோ வந்த நீர்தானே. அதில் ஒரு பங்கு கொலராடோ ஆற்றிலிருந்து, மொத்தம் 336 மைல் நீளமுள்ள கால்வாயில், மேடேற்றி இறைத்துக் கொண்டுவரப்படுவது. 2021 ஆகஸ்டில் அந்த ஆற்றில் முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு அளவு குறைந்தபோது பெரிய அடி வாங்கியவர்கள் பினால் பகுதி விவசாயிகள்.

சரித்திரத்துக்குள் போனால் ஆட்சேபம் மறுபடி பலம் பெறுகிறது. ஃபீனிக்ஸின் கால்வாய்கள் சில, ஹோஹோகம் என்று இன்று அழைக்கப்படும் பழைய மக்கள் வெட்டிய வாய்க்கால்களின் தடத்தில் ஓடுகின்றன. அவர்களைத் தம் முன்னோர் என்று சொல்பவர்கள் அகிமெல் ஓஓதம் மக்கள். பெயருக்கு ஆற்று மக்கள் என்று அர்த்தம். கிலா ஆற்றுப் பாசனத்தில் கோதுமை விளைத்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிகள் ஆற்றை மேலேயே திருப்பிக்கொண்டார்கள். ஆற்று மக்களுக்கு ஆறு இல்லாமல் போயிற்று. பஞ்சம் வந்தது. அவர்களுடைய தண்ணீர் உரிமையைத் தீர்த்துவைக்கும் சட்டம் நிறைவேறியது 2004ல்.

இந்த இடத்தில் நிறுத்தித் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் அந்த மக்களே இன்று தம் நிலத்தில் கோல்ஃப் மைதானம் வைத்து நடத்துகிறார்கள். அதை ஆட்சேபிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அநீதிக்கு ஆளானவர்கள் நம் கட்டுரைகளுக்கு உதாரணமாக இருந்தே காலம் தள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு வகை அகங்காரம்தான்.

சரி, கணக்குகள் எல்லாம் நேராகிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். நீர் கழிவு நீர், புல் வரம்புக்குட்பட்ட புல், கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. அப்போதும் ஏதோ உறுத்துகிறது. அது என்ன என்பதே என் கேள்வி.

பாலை அழகாக இருந்தது. புல்லில் நின்று பார்த்ததால் அப்படி இருந்தது. காலுக்கடியில் பச்சை மெத்தென்றிருக்க, முள்ளும் கல்லும் எதிரே ஒரு படமாகிவிடுகின்றன. புல் அதற்குச் சட்டம் போட்டுக்கொடுக்கிறது. நாம் இறங்க வேண்டியிராத இடத்தைத்தான் காட்சி என்கிறோம். இறங்க நேர்ந்துவிட்டால் அது காட்சியாக நீடிப்பதில்லை.

இதில் நம் மரபும் எனக்குத் துணைக்கு வரவில்லை. நம் திணைப் பகுப்பில் பாலைக்குச் சொந்த நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரத்திலிருந்து நாம் பெற்ற விளக்கம். பாலை நமக்கு ஒரு கேடு, ஒரு பருவம், ஒரு பிரிவு. மழை வந்தால் தீர்ந்துவிடக்கூடியது. இந்த அகராதியோடு ஸோனோரன் பாலையில் போய் நின்றால் ஒன்றும் பிடிபடாது. அங்கே எதுவும் கெட்டுப்போய் அப்படி ஆகவில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன. ஸவாரோ தன் முதல் எட்டுப் பத்து ஆண்டில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வளர்கிறது. கை முளைக்க ஐம்பது அறுபது ஆண்டு, சில சமயம் நூறு. டொஹோனோ ஓஓதம் மக்கள் — பெயருக்கே பாலை மக்கள் என்றுதான் பொருள் — ஸவாரோவை மனிதராகவே கருதுகிறார்கள். கோடையில் அதன் பழம் பறிக்கும்போது அவர்களுடைய ஆண்டு தொடங்குகிறது. பாலையை ஒரு குறை என்று பார்த்தவன் அங்கே புல்லை வளர்த்தான். தண்ணீர்க் கணக்குக் கேட்ட நானும் அதைக் குறை என்றுதான் பார்த்தேன். அவனுக்கும் எனக்கும் அகராதி ஒன்றே.

கோல்ஃப் விதிப்புத்தகம் ஆரம்பத்திலேயே சொல்வது இது: மைதானம் இருக்கிறபடியே, பந்து கிடக்கிறபடியே ஆட வேண்டும். அந்த ஆட்டத்தின் ஒழுக்கம் முழுவதும் இதில் அடக்கம் என்று நினைக்கிறேன். ஸ்காட்லாந்துக் கடற்கரையில், உழவுக்கு உதவாத மணல்மேடுகளில், தானாக முளைத்த புல்லில் வளர்ந்த ஆட்டம் அது. இருக்கிற நிலத்தை வைத்துக்கொண்டு ஆடினார்கள். 2019ல் திருத்தி அமைக்கப்பட்ட விதிகளில் ‘அபராதப் பகுதி’ என்று ஒன்று வந்தது. முன்பு நீர்நிலைகளுக்கு இருந்த சலுகை விரிக்கப்பட்டது. மைதானக் குழு விரும்பினால் பாலையையும் சிவப்புக் கழி நட்டு அப்படி அறிவிக்கலாம். பந்து உள்ளே போய்விட்டால் நீ போக வேண்டியதில்லை. ஓர் அடியைக் கூட்டிக்கொள், புல்லுக்குத் திரும்பு, அங்கிருந்து ஆடு. விரியன் பாம்பும் முள்ளும் உள்ள இடத்தில் இது நியாயம்தான். சௌகரியமும்தான்.

நம் தார்மீக வாழ்வின் பெரும்பகுதி இந்த விதிப்படியே நடக்கிறது என்று எனக்குப் படுகிறது. சரியில்லை என்று தெரிந்த ஒன்றை அனுபவிக்கிறோம். குற்ற உணர்வு வருகிறது. அதை ஓர் அடியாகக் கணக்கில் கூட்டிக்கொள்கிறோம். வருத்தப்பட்டாயிற்று, ஒப்புக்கொண்டாயிற்று, சிறுபத்திரிகையில் கட்டுரையும் எழுதியாயிற்று, மறுபடியும் புல். குற்ற உணர்வு யாரையும் முள்ளுக்குள் அனுப்புவதாக எனக்குத் தெரியவில்லை. போகாமலிருப்பதற்கு நாம் கட்டும் கட்டணம் அது. இக்கட்டுரையும் அப்படிப்பட்ட கட்டணமாக இருக்கக்கூடும். அதை மறைப்பதற்கில்லை.

வேறு விதமாக ஆடுகிறவர்களும் இருக்கிறார்கள். தென் ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்று ஓர் ஊர். 1915ல் ஓப்பல் கல் கிடைத்ததால் உண்டானது. வெக்கை தாங்காமல் பலர் பூமியைக் குடைந்து அதற்குள் குடியிருக்கிறார்கள். அந்த ஊர் கோல்ஃப் மைதானத்தில் புல்லே கிடையாது. க்ரீன் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் விட்டு இறுக்கிய கருமண். ஆடுகிறவர் செயற்கைப் புல்லில் ஒரு சிறு துண்டைக் கையோடு எடுத்துப்போகிறார். பந்தை அதன்மேல் வைத்து அடித்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு நடக்கிறார். வெயில் கொடுமையானால் இரவில், ஒளிரும் பந்தை வைத்துக்கொண்டு ஆடுவதும் உண்டு. நான் அங்கே போனதில்லை, படித்ததுதான். இதைக் கோமாளித்தனம் என்று சிரிக்கலாம். எனக்கு அதில் ஒரு கண்ணியம் தெரிகிறது. தன் ஆசையைக் கைக்கு அடங்கிய அளவில் தூக்கிச் செல்கிறான் மனிதன். அங்கே அவனுக்குப் பாலை கால் வைக்கிற தரை. இதையும் புனிதமாக்க வேண்டாம். ஓப்பலுக்காகத் தோண்டிய குழிகள் அந்த ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் வாய் திறந்து கிடக்கின்றன.

ஸ்காட்ஸ்டேலில் பதினான்காவது குழியில் என் பந்து வலப்புறம் விலகிப் போயிற்று. விட்டுவிடுங்கள் என்றார் நண்பர். நான் இறங்கினேன். மிஞ்சிப் போனால் முப்பது அடி தூரம். இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அங்கே இல்லை. சரளை நொறுங்கியது. ஒவ்வொரு செடியும் தனித்தனியே நின்றது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்பது தவிர வேறு யோசனை ஓடவில்லை. ஒரு ஸவாரோவின் உடம்பில், என் தலைக்குச் சற்று மேலே, யாருடையதோ ஒரு கோல்ஃப் பந்து புதைந்திருந்தது. மரங்கொத்தி குடைந்தால் அந்தப் பொந்தைச் சுற்றி உட்புறம் கெட்டியான ஓடு ஒன்றை வளர்த்து, ஈரம் போகாமல் இந்தக் கள்ளி தன்னைக் காத்துக்கொள்ளும். பந்தைச் சுற்றியும் அதன் சதை பழுப்பேறி இறுகியிருந்தது. மரங்கொத்திக்கும் ஆட்டக்காரனுக்கும் அது வித்தியாசம் பார்த்ததாகத் தெரியவில்லை. பந்தைப் பிடுங்கிவிடலாமா என்று கையைத் தூக்கினேன். காயம் திறந்துகொள்ளுமோ என்று விட்டுவிட்டேன். அது கருணையா, முள்ளுக்குப் பயந்ததா என்று எனக்கே நிச்சயமில்லை.

என் பந்து கிடைக்கவில்லை. திரும்பி வந்து, புல்லில் வேறொரு பந்தைப் போட்டு, ஓர் அடியைக் கூட்டிக்கொண்டு அடித்தேன். அன்றைக்கு நான் அடித்ததில் அதுதான் நேராகப் போயிற்று. நண்பர் கை தட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.