புல் மறுபடியும் முளைக்கும்



நான் ஈப்போ, புந்தோங்கில் வளர்ந்தவன். இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சமயச் சொற்பொழிவு செய்ய எனக்குத் தகுதி கிடையாது. ஆனாலும் சென்ற ஆண்டு இறுதியில் நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும்.

எங்கள் கோயில் இளைஞர் குழுவில் எட்டுப் பேர், இலங்கை மலையகத்தில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குத் தொண்டு செய்யப் போனோம். கல்லுமலை முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். இரண்டு வாரம். பிள்ளைகளுக்குத் தேவாரம், ஆங்கிலம், விளையாட்டு எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். வகுப்பறைச் சுவருக்குச் சாயம் அடித்தோம்.

அந்த லயங்களைப் பார்த்ததும் எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பாட்டி 'பெரட்டு' என்பார். அங்கேயும் 'பிரட்டுக்களம்' என்றார்கள்! ஒரே மண்ணிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த மக்கள்தானே. சிலர் ரப்பருக்கு, சிலர் தேயிலைக்கு. அங்கே 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. மிச்சமிருந்தவர்களுக்கு 2003-இல்தான் சட்டம் வழிவிட்டது.

கடைசி நாள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அண்ணே, போன வருஷம் வந்த அக்காவும் இதே பாட்டுதான் சொல்லிக் குடுத்தாங்க. திரும்ப வர்றேன்னு சொன்னாங்க. வரவே இல்ல. நீங்க வருவீங்களா?"

"கண்டிப்பா வருவேன்" என்றேன். சொல்லும்போதே அது பொய்யாகிவிடுமோ என்று உள்ளுக்குள் உறுத்தியது.

வீட்டுக்கு வந்து படங்களைப் பாட்டியிடம் காட்டினேன். எல்லாரும் கைப்பேசியில் பாராட்டிய படங்கள். பாட்டி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க தோட்டத்துக்கும் பெரிய மனுசங்க வந்து மிட்டாய் குடுத்துட்டுப் போவாங்கய்யா. ஒருத்தர் மொகமும் ஞாபகம் இல்ல. ஆனா பக்கத்து லயத்துல ஒரு அண்ணன் இருந்தாரு. மரம் வெட்டிட்டு வந்து, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மாரியம்மன் கோயில்ல எங்களுக்குத் தேவாரம் சொல்லிக் குடுப்பாரு. ஆறு வருஷம். மழை பேஞ்சாலும் வருவாரு."

பாட்டிக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் அந்தப் பதிகங்கள் இன்றும் வாயில் நிற்கின்றன.

இளைஞர்களே, அன்று இரவு நான் அப்பர் சுவாமிகளை நினைத்துக்கொண்டேன். அவர் கையில் இருந்தது என்ன? உழவாரம். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கினார். அந்த வேலை ஒரு நாளில் முடிகிறதா? இன்றைக்குச் செதுக்கினால் மழைக்குப் பிறகு மறுபடியும் முளைக்கும். அது தெரிந்துதான் முதிய வயதிலும் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடத்தில் பொன்னும் நவமணியும் மின்னின என்று பெரிய புராணம் சொல்கிறது. அவர் என்ன செய்தார்? கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்துவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார். எனக்குக் கிடைத்த பாராட்டுகளும் அப்படி மின்னியவைதான். நான் அவற்றை எறியவில்லை, எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் படிக்கும் பாடத்திலும் இதே கதைதான். இயந்திரத்தைப் பொருத்தி ஓடவிடும் நாளில் எல்லாரும் கைதட்டுவார்கள். அதற்குப் பிறகு வாராவாரம் எண்ணெய் போட்டுத் தேய்மானம் பார்ப்பவரை யாரும் படம் எடுப்பதில்லை. அவர் வராவிட்டால் இயந்திரம் நின்றுவிடும்.

நம் ஊர்க்காரரையே பாருங்கள். 1909-இல் ஈப்போவில் பிறந்த சுவாமி சத்தியானந்தா, 1949-இல் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அது வீடானது. அங்கே இளம் வயதில் வந்து சேர்ந்தவர் சிங்கப்பூரில் பிறந்த அன்னை மங்களம். வந்தவர் திரும்பிப் போகவில்லை. 2023-இல் மறையும்வரை அந்தப் பிள்ளைகளோடுதான் இருந்தார். வெளியூருக்குப் போய்ச் செய்யும் தொண்டு என்றால் அது.

எல்லாரும் அப்படி ஆக முடியாது. நானும் ஆகவில்லை. ஆனால் எங்கள் குழு ஒரு முடிவு எடுத்தது. இனி எட்டுப் பேர் போகப்போவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அதே இருவர் போவது. மிச்சமாகும் பணத்தில் அந்தப் பள்ளிக்கு இணைய வசதி செய்து, வாரம் ஒருமுறை இங்கிருந்தே கணிதம் சொல்லிக் கொடுப்பது. சனிக்கிழமைகளில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் எனக்குச் சமய வகுப்பு. பாட்டியின் தோட்டம் இப்போது செம்பனை. அங்கிருந்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் என் மாணவர்கள்.

உண்மையைச் சொல்கிறேன்: தேர்வு மாதத்தில் மூன்று சனிக்கிழமை நான் போகவில்லை. நாலாவது வாரம் போனபோது பத்துப் பேரில் ஆறு பேர்தான் இருந்தார்கள். புல் முளைத்துவிட்டது. மறுபடியும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன்.

ஆகவே, வெளிநாட்டுக்குத் தொண்டு செய்யப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள். போவதற்கு முன் மனசாட்சியைக் கேளுங்கள்: நான் திரும்பிய பிறகு இந்த வேலையை யார் பார்ப்பார்கள்? அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கும் வாக்கை என்னால் காப்பாற்ற முடியுமா? படமே எடுக்க முடியாது என்றாலும் போவேனா?

அட்டனில் அந்தப் பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு. வருகிற டிசம்பரில் போகும் இருவரில் நானும் ஒருவன். டிக்கெட் எடுத்துவிட்டேன்.

திருச்சிற்றம்பலம்.